கட்டிங் பிளேட்டில் ஒரு சாவி

அந்தத் தெருவில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மருந்துச் சீட்டிலும் மின்சார பில்லிலும் பத்திரமாக இருந்தது. மூடிய பையைப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக்குக் கூரியர் வந்தால், பெட்டியைத் தூக்கி வருகிறவனின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, வந்தது இஸ்திரிப் பெட்டியா புத்தகமா என்று தீர்ப்புச் சொல்வாள். பல தடவை தப்பாகவும் போகும். தப்பாகப் போனவற்றை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மனசு தங்கம். யாரைப் பற்றியும் கெடுதலாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தெரிந்துகொண்டதை வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதுதான் சங்கடம். காலையில் அவள் காதில் விழுந்த செய்தி மாலைக்குள் தெருக்கோடி வரை போய், கொஞ்சம் சதை போட்டு, அவளிடமே திரும்பி வரும். அவளும் புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளந்து கேட்பாள்.

மருமகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பேச்சு குறைவு. மாலையில் வேலை முடிந்து வந்து அழைப்பு மணியை அடித்தால், எக்ஸ்ரே அக்கா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். திறந்ததும் முதலில் பார்ப்பது மருமகளின் பையை. பிறகுதான் முகத்தை. அந்த வீட்டுக்கு மூன்று சாவிகள் இருந்தன. ஒன்று எக்ஸ்ரே அக்காவிடம், ஒன்று மகனிடம், மூன்றாவது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில். கல்யாணமாகி வந்த புதிதில், "நான்தான் எப்பவும் வீட்டுல இருக்கேனே, உனக்கு எதுக்கும்மா சாவி?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. மருமகளும் கேட்கவில்லை.

ஒரு நாள் புருஷனும் வெளியே போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டில் அரட்டையில் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டுத் திரும்பியபோது, மருமகள் வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரமாகிவிட்டதா என்று கேட்டதற்கு, இப்போதுதான் வந்தேன் என்றாள். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டில் காலியாகியிருந்தது. எக்ஸ்ரே அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். என்ன கம்பெனி பாட்டில், எங்கே வாங்கியது என்பதெல்லாம் மனதில் ஓடியது. அது ஏன் காலியாக இருக்கிறது என்பது மட்டும் ஓடவில்லை.

மாமியாரும் மருமகளும் ஒட்டிக்கொண்டது பின்னறையில்தான். மருமகள் வரும்போது சீதனம் மாதிரி ஒரு டை கட்டிங் மெஷினைக் கொண்டுவந்தாள். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு உருளைகள் உருளும். அதுதான் மொத்த மெஷினும். டை என்பது விளிம்பு மட்டும் கூராக இருக்கும் மெல்லிய தகட்டு அச்சு. கீழே ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பிளேட், அதன் மேல் காகிதம், காகிதத்தின் மேல் டை, அதற்கு மேல் இன்னொரு பிளேட் என்று அடுக்கி உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றினால், மொடமொடவென்று ஒரு சத்தம் வரும். அந்தப் பக்கம் எடுத்துப் பிரித்தால் நட்சத்திரமோ மணியோ மரமோ கத்தி பட்ட மாதிரி சுத்தமாக வெட்டுப்பட்டு வந்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எக்ஸ்ரே அக்கா குனிந்து மெஷினுக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் டிசம்பர் நெருங்கும்போது அந்த அறை கார்டுத் தொழிற்சாலை ஆகிவிடும். சொந்தக்காரர்கள், நண்பர்கள், மகனின் லிஃப்ட் கம்பெனி ஆட்கள், கண்ணாடிக் கடை ஆட்கள் என எல்லாருக்கும் கையால் செய்த கிறிஸ்துமஸ் கார்டு போகும். வெட்டுவதும் ஒட்டுவதும் மருமகள். ஸ்டாம்ப் அடிப்பது எக்ஸ்ரே அக்கா. ஸ்டாம்பை மையில் மெல்லத் தட்டித் தட்டி எடுத்து, காகிதத்தில் நேராக வைத்து, ஆட்டாமல் அசைக்காமல் அழுத்தி, மூச்சைப் பிடித்தபடி தூக்க வேண்டும். கொஞ்சம் ஆடினால் கலைமானுக்கு ஆறு கால் வந்துவிடும். வாய் ஓயாத எக்ஸ்ரே அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரே வேலை அதுதான் என்று அவள் புருஷன் சொல்வார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று தலைக்கு மேலே எழுதிவைத்திருந்த இடத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

அந்த வருடமும் ஒரு காலை நேரத்தில் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, சாமான்களைத் தூசி தட்டி வைக்கலாம் என்று பின்னறைக்குப் போனாள். மெஷினைத் துடைத்தாள். டைகளைக் காந்தத் தாளில் வரிசையாக ஒட்டிவைத்தாள். கடைசியாகப் பிளேட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

டை அழுத்தும்போது காகிதத்தை மட்டும் வெட்டுவதில்லை. கீழே இருக்கும் பிளேட்டிலும் கோடு போட்டுவிடும். எத்தனை நட்சத்திரம் வெட்டினார்களோ அத்தனை நட்சத்திரமும் அதில் கீறலாகக் கிடக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, வருடக்கணக்கான கிறிஸ்துமஸ் எல்லாம் அதில் இருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் கீறல். எக்ஸ்ரே அக்காவுக்கு அப்படியில்லை. இது மணி, இது பைன் மரம், இது போன வருடம் காது உடைந்துபோன கலைமான் என்று ஒவ்வொன்றாக இனம் கண்டு வந்தவள், ஒரு மூலையில் நின்றுவிட்டாள்.

அங்கே அவளுக்குத் தெரியாத ஒரு உருவம் இருந்தது.

ஒரு இடத்தில் அல்ல. அந்த மூலை முழுக்க நெருக்கி நெருக்கி, திரும்பத் திரும்ப. கோடுகள் புதிது, விரலால் தடவினால் ஓரம் இன்னும் பிசிறாக இருந்தது. காந்தத் தாளில் இருந்த டைகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. குப்பைக் கூடையைப் பார்த்தாள். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இந்த வீட்டில் குப்பைக் கூடையை யாரோ இவ்வளவு சுத்தமாகக் காலி செய்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது.

சும்மா இருப்பாளா? இங்க் பேடை எடுத்தாள். அந்த மூலை முழுக்கக் கறுப்பு மையைத் தடவி, மேலாக ஒரு துணியால் துடைத்தாள். கீறலுக்குள் போன மை அங்கேயே தங்கிவிட்டது. மெல்லிய ஈரக் காகிதத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள். பிளேட்டில் இருந்ததெல்லாம் காகிதத்தில் வந்து இறங்கியிருந்தது. தான் இவ்வளவு பெரிய கெட்டிக்காரியா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உருண்டையான தலை. அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு. தண்டின் அடியில், ஒரு பக்கமாக மட்டும் நீட்டிக்கொண்டு இரண்டு பற்கள்.

சாவி.

முதலில் வந்தது சந்தோஷம்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அதற்கு ஒரு நிமிடம் கழித்துத்தான், எதைக் கண்டுபிடித்தோம் என்ற யோசனை வந்தது. கார்டில் சாவி எதற்குப் போடுவார்கள்? கார்டு செய்கிறவர்களைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இதயம் என்றால் கல்யாணம், கேக் என்றால் பிறந்தநாள், சாவி என்றால் புது வீடு. ஒன்றிரண்டு அல்ல, கை வலிக்க வலிக்க வெட்டியிருக்கிறார்கள் என்றால், எல்லாருக்கும் அனுப்பத்தான். நாங்கள் புது வீட்டுக்குப் போகிறோம், இதோ எங்கள் விலாசம் என்று.

அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்று தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. போன வாரம் மகன் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறையை அளந்தான். அலமாரியை அளந்தான், கதவின் அகலத்தை அளந்தான். எதற்கு என்றதற்குச் சும்மா என்றான். லிஃப்ட் மெக்கானிக் சும்மா எதையும் அளக்கமாட்டான். அலமாரி கதவு வழியாக வெளியே போகுமா என்று பார்த்திருக்கிறான். அதற்கும் முன்னால், மருமகள் பால்கனியில் நின்று தன் அக்காவிடம் போனில் பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்தது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை, கிறிஸ்துமஸ் வரட்டும் என்று இருக்கிறோம் என்றாள். எக்ஸ்ரே அக்கா அப்போது அதைப் பரிசுப் பொருள் சமாச்சாரம் என்று நினைத்து, மனதுக்குள் புடவையா ஹேண்ட்பேகா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தாள்.

தனிக்குடித்தனம் போகட்டும், அதில் ஒன்றும் உலகம் அழிந்துவிடப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போகக் கூடாது என்று அவள் எப்போதாவது சொன்னாளா? ஆனால் ஊருக்கெல்லாம் கார்டு தயாராகிவிட்டது. அந்தக் கார்டும் இவள் வீட்டு மெஷினில், இவள் வீட்டு மேசையில் தயாராகியிருக்கிறது. இவளுக்கு மட்டும் தெரியவில்லை. ஒருவேளை மற்றவர்களோடு மற்றவர்களாகத் தனக்கும் தபாலில் ஒன்று வருமோ என்று நினைத்தபோது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கேட்டுவிட்டால் தீர்ந்தது. மாலையில் மணி அடித்ததும் கதவைத் திறந்து, "எப்போ போறீங்க?" என்று ஒரே கேள்வி. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக எக்ஸ்ரே அக்காவுக்குக் கேட்க மனம் வரவில்லை. கேட்டால் பதில் வரும். அவளுக்குப் பதில் வேண்டாம். அவர்களாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறதா இல்லையா என்பதைத்தான் அவள் இப்போது தெரிந்துகொள்ள விரும்பினாள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அந்த நாட்களில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கேள்வி நாக்கு நுனி வரை வரும். தண்ணீர் குடித்து உள்ளே அனுப்புவாள். சாப்பிடும்போது வரும், வாய் நிறையப் போட்டுக்கொள்வாள். மருமகள் மணி அடித்தால் கதவைத் திறந்துவிட்டு, எதையும் கேட்காமல் உள்ளே போய்விடுவாள். உடம்பு சரியில்லையா என்று மருமகள் இரண்டு தடவை கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, தெருவில் ஒரு செய்தியும் நடமாடவில்லையே, எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனாள். புருஷனிடம் மட்டும் ஒரு நாள் தாங்கமுடியாமல், பிள்ளைகள் தனியாகப் போவதுபோல் ஏதாவது தெரியுமா என்று கேட்டுப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, தனக்கு அப்படி எதுவும் தெரியாது என்றார். அவர் எதற்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். போகிறவர்கள் மனம் குறுகிக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பை அவளே எடுத்துவிட்டால் என்ன? கார்டு கார்டாகத்தானே அவர்கள் சொல்லப் போகிறார்கள். அவளும் ஒரு கார்டாகவே சொல்லிவிடலாம். எனக்குத் தெரியும், எனக்கு வருத்தமில்லை, நன்றாக இருங்கள் என்று. வருத்தமில்லை என்பது மட்டும் பொய். அதற்குக் கார்டில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

கைவினைச் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் வந்தால் வியாபாரம் கொஞ்சம், விசாரணை அதிகம். சாவி டை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, இந்த வருடம் சாவி டை வரவே இல்லை, யாருக்கும் விற்கவும் இல்லை என்றார். இதைக் கேட்ட இடத்தில் நம் எக்ஸ்ரே கண் கொஞ்சம் கூர்மையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பார்கள், இவ்வளவு கவனமாக மறைக்கிறார்களே என்று நினைத்து அதற்கும் சேர்த்து மனம் உடைந்தாள். சாவி ஸ்டாம்ப் ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கார்டை அவள் செய்த அழகை யாராவது பார்த்திருக்க வேண்டும். கனமான வெள்ளை அட்டையை மடித்து, மடிப்பை ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்துத் தட்டையாக்கினாள். சாவியை நீல மையில் அடித்தாள். முதலாவது ஆடிவிட்டது. இரண்டாவதில் ஒரு பல் விழவில்லை. மூன்றாவது பிசிறில்லாமல் வந்தது. டை இல்லாததால் கத்தரிக்கோலால் ஓரம் ஓரமாக, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வெட்டினாள். அடியில் பஞ்சு ஒட்டுப்பட்டை வைத்து, சாவி அட்டையிலிருந்து கொஞ்சம் தூக்கலாக நிற்கும்படி ஒட்டினாள். உள்ளே தன் கையெழுத்தில், 'உங்கள் புது வீட்டில் எல்லாம் நல்லபடியாக அமையட்டும். சீக்கிரம் போய் சந்தோஷமாக இருங்கள். அம்மா' என்று எழுதினாள். சீக்கிரம் என்று எழுதியது, அவர்கள் தனக்காகத் தயங்கக் கூடாது என்பதற்காக. எழுதி முடித்ததும் தன் பெருந்தன்மையை அவளே மெச்சிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பின்னறையில் கூடினார்கள். மேசை முழுக்க மரமும் நட்சத்திரமும். மருமகள் பசையைத் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள், மகன் உறைகளை மடித்தான், புருஷன் மூலையில் உட்கார்ந்து தபால்தலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே அக்கா தன் கார்டை மேசைமேல் வைத்து, விரலால் மருமகள் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு, பதற்றத்தில் ஸ்டாம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மருமகள் சாவியைப் பார்த்துச் சிரித்தாள். அழகாக இருக்கிறது என்றாள். திறந்து படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கார்டை மூடி, மகனின் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மகன் படித்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"என்னம்மா இது? எங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்றியா?"

எக்ஸ்ரே அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "நான் எங்கடா போகச் சொன்னேன்? நீங்கதானே போறீங்க."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதானே அவள் குறை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. டேப் எடுத்து அலமாரியை அளந்தது, பால்கனியில் பேசியது, குப்பைக் கூடையைக் காலி செய்தது, ஊருக்கெல்லாம் கார்டு வெட்டிவிட்டுத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாதது என்று ஒன்றையும் விடாமல் கொட்டினாள். நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன், போகிறோம் என்று சொன்னால் காலைப் பிடித்துத் தடுக்கவா போகிறேன் என்று கேட்டபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தக் கறுப்பு மைக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இந்தா, பாருங்க. நான் கண்ணால பார்த்துட்டுத்தான் பேசறேன். இத்தனை சாவி எதுக்கு?"

மருமகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். காகிதத்தின் மேல் குனிந்தாள். நட்சத்திரம், மரம், மணி எல்லாவற்றுக்கும் நடுவே நெருக்கமாகக் கிடந்த உருவங்களை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாள். பிளேட்டில் மை தடவி எடுத்தேன் என்று மாமியார் சொன்னதும், கண்ணீரோடு கண்ணீராக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு அல்ல. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

உள்ளே போய், தன் வேலைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துவந்து திறந்தாள். அதற்குள் கண்ணாடி இல்லை. மெல்லிய தகட்டு டை ஒன்றும், அதற்கு ஜோடியாக ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப் ஒன்றும் இருந்தன. எக்ஸ்ரே அக்காவுக்குத் தெரியாத விஷயமா? இந்த மாதிரி ஜோடிகளில் டை வெறும் வெளிக்கோட்டைத்தான் வெட்டும். உள்ளே என்ன படம் என்பது ஸ்டாம்பை அடித்தால்தான் தெரியும். டையை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்வது, நிழலைப் பார்த்து மூக்கு முழியைச் சொல்வது மாதிரி. இத்தனை வருடம் கார்டு செய்தவள் அதை எப்படி மறந்தாள் என்றால், சாவி என்று ஒரு தடவை தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்ற அவள் இடம் கொடுக்கவில்லை.

மருமகள் ஸ்டாம்பை மையில் தட்டினாள். இடம் வலம் மாறி விழுந்திருந்த அச்சுக் காகிதத்தைப் புரட்டிப் போட்டு, ஊடுருவித் தெரிந்த ஒரு சாவியின் மேல், வெளிக்கோட்டுக்குள் சரியாகப் பொருந்தும்படி பார்த்து வைத்தாள். பிறகு மாமியாரின் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"நீங்களே அழுத்துங்க அத்தை. ஸ்டாம்ப் உங்க வேலைதானே."

எக்ஸ்ரே அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஆட்டவில்லை. நேராகத் தூக்கினாள்.

உருண்டைத் தலையில் சின்னச் சின்னப் புள்ளிகளும் ஒரு சிரிப்பும் வந்திருந்தன. தண்டு ஒரு கைப்பிடி ஆகியிருந்தது. பற்கள் என்று அவள் நினைத்த இரண்டும், கைப்பிடியின் அடியில் கட்டிய ரிப்பனின் இரண்டு நுனிகள். காற்றில் பறப்பதுபோல் ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. சாவி அல்ல. கிலுகிலுப்பை.

எக்ஸ்ரே அக்கா படத்தைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்; அந்தத் தெருவே நம்பாது, ஒரு வார்த்தை வரவில்லை. மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மை ஈரமாயிருந்த விரல்கள் மருமகளின் சட்டை முதுகில் ஐந்தும் பதிந்துவிட்டன. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அலமாரி வெளியே போகுமா என்று மகன் அளக்கவில்லை. தொட்டில் உள்ளே வருமா என்று அளந்தான். கிறிஸ்துமஸ் கார்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிலுகிலுப்பையை வைத்து, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்வதாகத் திட்டம். அதுவரை வெளியே தெரிய வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், அவர்களுக்கும் பயம் இருந்தது. மருமகள் கண்ணாடிக் கூட்டின் அடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஸ்டாம்ப் லேசாக ஆடி, கிலுகிலுப்பைக்கு இரண்டு வாய் வந்திருந்தது. உங்களுக்குத்தான் முதலில் செய்தேன், எனக்கு உங்களைப் போல் அடிக்க வரவில்லை, கார்டுக்குள் வைத்துத் தரலாம் என்றிருந்தேன் என்றாள்.

சந்தோஷத்துக்கு நடுவிலும் எக்ஸ்ரே அக்காவுக்கு ஒரு முள் இருந்தது. அதை மறைத்துவைக்கவில்லை. "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே புரிந்தது. அவளிடம் சொன்னால் மாலைக்குள் தெருக்கோடிக்குப் போயிருக்கும். எல்லார் வீட்டுப் பையையும் திறந்து பார்த்தவளிடம் யாரும் தங்கள் பையைத் தாங்களாகத் திறந்து காட்டுவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சுருக்கென்று வலித்தது. மூலையில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்கும் தெரியாதா என்றாள்.

"தெரியுமே. தொட்டில் விலைப்பட்டியலை இவன் மேசைமேல வெச்சுட்டுப் போயிருந்தான்."

"நான் கேட்டப்போ தெரியாதுன்னீங்க?"

"தனியாப் போறாங்களான்னு கேட்ட. அது எனக்குத் தெரியாதே," என்று சொல்லிவிட்டு அவர் தபால்தலையை நாக்கில் தொட்டு ஒட்டினார்.

அதற்கப்புறம்தான் மருமகள், மேசையில் கிடந்த நீலச் சாவிக் கார்டை எடுத்து மறுபடி திறந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் சிரிக்கவில்லை.

"இதைப் படிச்சதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா அத்தை? இந்த வீட்டுல நான் இன்னும் மணி அடிச்சிட்டுத்தானே வர்றேன், அதான் சுலபமா அனுப்பறாங்கன்னு நினைச்சேன்."

வாசற்படியும் காலித் தண்ணீர் பாட்டிலும் எக்ஸ்ரே அக்காவின் கண்முன்னால் வந்து நின்றன. அது ஏன் காலியாக இருந்தது என்பது இப்போது தெரிந்தது. இவ்வளவு நாள் எதையெல்லாமோ பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்த மூன்றாவது சாவியை எடுத்தாள். தூசியை முந்தானையில் துடைத்தாள். கார்டுக்கு வைத்திருந்த ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி, அதில் கட்டினாள். திரும்பி வந்து, கார்டில் தான் எழுதியிருந்ததைப் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டு, அதற்குள் சாவியை வைத்து மூடி மருமகளிடம் கொடுத்தாள். மன்னிச்சுக்கோம்மா என்றாள். அதற்கு மேல் பேசினால் மறுபடி அழுகை வந்துவிடும் என்று, உட்கார்ந்து அடுத்த கலைமானை அடிக்க ஆரம்பித்தாள். அதற்கு ஐந்து கால் வந்தது. அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, இந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருமகள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை எக்ஸ்ரே அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் மணி அடிக்காது, கதவு தானாகத் திறக்கும் என்று பகலெல்லாம் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தாள். காது மட்டும் வழக்கம்போல் வாசலில் இருந்தது. அந்த நேரம் வந்ததும், மணி அடித்தது.

ஓடிப்போய்த் திறந்தாள். மருமகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் ரிப்பன் கட்டிய சாவி.

"சாவி இருக்குல்ல? அப்புறம் எதுக்கு மணி?"

"நானே திறந்துட்டு வந்துட்டா பையில என்ன இருக்குன்னு யார் பார்க்கறது?" என்று மருமகள் பையை உயர்த்திக் காட்டினாள்.

எக்ஸ்ரே அக்கா பையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே களைப்பு, நெற்றியில் வியர்வை, உதட்டில் அடக்கி வைத்த சிரிப்பு. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று நினைத்துக்கொண்டு பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மருமகளை முதலில் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

பையில் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம்தான் கேட்டாள்.